மாதாந்த நடப்பு விவகாரங்களை யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பது பற்றி

ஒவ்வொரு மாதத்தின் முதல் வாரத்திலும், கடந்த மாதத்துக்கான நடப்பு விவகாரத் தொகுப்பு என்று ஒரு பீடிஎப் கோப்பு யாழ்ப்பாணத்துப் பட்டதாரிகளின் வட்ஸ்அப் குழுக்களில் வலம்வரத் தொடங்கும். நிர்வாக சேவை, ஆசிரியர் சேவை, முகாமைத்துவ சேவை, கிராம அலுவலர் என எந்தப் போட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பித்திருந்தாலும் எல்லோரும் அதைத் தரவிறக்கி வைத்துக்கொள்கிறார்கள். அதன் பெரும்பகுதி தமிழ்நாட்டு அரசுப் பணித் தேர்வுகளை மனத்திற்கொண்டு தயாரிக்கப்பட்டது. இந்திய மாநிலங்களின் திட்டங்கள், அங்கு நியமனம் பெற்ற அதிகாரிகள், அங்கு வழங்கப்பட்ட விருதுகள் ஆகியவற்றுக்கு நடுவே இலங்கையைப் பற்றி ஓரிரு வரிகள் இருக்கும். தமிழில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, எங்கள் பரீட்சைத் திணைக்களம் நடத்தப்போகும் பரீட்சைக்கு அதை இரவிரவாக மனனம் செய்கிறார்கள். அந்தத் தொகுப்புகளைத் தயாரிப்பவர்களில் எனக்குக் குறையில்லை. அவர்கள் தங்கள் மாணவருக்காகவே உழைத்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அவ்வாறான ஒன்று ஒழுங்காக மாதந்தோறும் கிடைப்பதில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது.

ஊர் வாசிகசாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்பரீட்சைகளுக்குப் படிப்பவர்களோடு கூடியிருந்து அம்மாதத்துச் செய்திகளைப் பேசிவருகிறேன். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றபின் ஆண்டுக்கணக்காக, வேலை அறிவித்தலைத் தாங்கிவரும் அரசாங்க வர்த்தமானியை எதிர்பார்த்திருக்கும் பிள்ளைகள் அவர்கள். வயதெல்லை நெருங்க நெருங்க ஒவ்வொரு பரீட்சையும் அவர்களுக்குப் பெரிதாகிறது. அவர்களுடைய நேரம் வீணாகக் கூடாது என்ற அக்கறையிலேயே இதை எழுதுகிறேன். நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: ஒரு மாதத்தின் செய்தியைப் படிக்கும்போது, அதற்குப் பின்னால் நிற்கும் சட்டத்தையும் நிறுவனத்தையும் நிலப்படத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். செய்தி பழசாகிப்போகும், வினாத்தாள் தயாராகி, அச்சாகி, மண்டபத்துக்கு வந்துசேரும்போது அந்தச் செய்தியின் மேற்பரப்பு பெரும்பாலும் உதவாது. அதன் அடியில் இருப்பதே கேட்கப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க யாழ்ப்பாணத்துக்கு வந்திருந்தபோது கச்சதீவுக்கும் சென்றார். தொகுப்புகளில் இது ஒரு வரி. அந்த வரியை மட்டும் பாடமாக்கியவருக்குத் திகதி ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். அதே வரியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால், கச்சதீவு யாழ்ப்பாண மாவட்டத்தின் நெடுந்தீவுப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் அடங்குகிறது என்பது முதலில் வரும். ஏறத்தாழ 285 ஏக்கர் பரப்புடைய, நிரந்தரக் குடியிருப்பு இல்லாத அத்தீவில் புனித அந்தோனியார் ஆலயம் இருக்கிறது. அதன் ஆண்டுத் திருவிழாவுக்கு இரு நாட்டு மக்களும் வருகிறார்கள். 1974 ஜூன் மாதத்தில், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் இந்திரா காந்தியும் பதவியிலிருந்த காலத்தில், பாக்கு நீரிணை முதல் ஆதாம் பாலம் வரையிலான வரலாற்று நீர்ப்பரப்பின் எல்லை பற்றிய ஒப்பந்தம் கைச்சாத்தாகி, கச்சதீவு இலங்கையின் பக்கம் அமைந்தது. 1976இல் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் உரிய எல்லை ஒப்பந்தம் தொடர்ந்தது. இரண்டும் 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட சமவாயத்துக்கு முந்தியவை. இங்கிருந்து, கடலடியை வாரியிழுக்கும் வலைகளைக் கொண்ட இழுவைமடிப் படகுகளின் பிரச்சினைக்கு வந்தால், இலங்கைக் கடலில் அடிமட்ட இழுவைமடித் தொழிலைத் தடைசெய்த 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க கடற்றொழில், நீரியல் வளத் திருத்தச் சட்டம் நிற்கிறது.

ஒரு நாளின் பயணச் செய்தியிலிருந்து புவியியல், அயலுறவு, அரசியல் வரலாறு, கடற்றொழில் சட்டம் ஆகிய நான்கு பகுதிகளுக்கான விடயங்கள் கிடைத்துவிட்டன. அதே செய்தியைத் தமிழ்நாட்டுக் குறிப்பில் படித்தால் அந்த ஒப்பந்தங்கள் அங்கு எழுப்பும் அரசியல் விவாதமே முன்னால் நிற்கும். அது அவர்களுடைய பரீட்சைக்குத் தேவையானது. எங்கள் பரீட்சார்த்திக்கு நெடுந்தீவுப் பிரதேச செயலகமும் 2017ஆம் ஆண்டுச் சட்டமும் தேவை. கடற்றொழில் ஊர்களான குருநகரிலும் மயிலிட்டியிலும் வளர்ந்த பிள்ளைகள் இந்த விடயத்தைத் தங்கள் வீட்டுப் பேச்சிலேயே பாதி அறிந்திருக்கிறார்கள். அதற்குச் சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துக்கொடுத்தால் போதும், மறக்கமாட்டார்கள்.

தேர்தல் செய்திகள் இவ்விதம் விரித்துப் படிக்க மிகவும் உகந்தவை. 2024 செப்டெம்பர் 21ஆம் திகதிய ஜனாதிபதித் தேர்தலில் எவரும் ஐம்பது வீதத்தைத் தாண்டவில்லை. முதற் கணக்கெடுப்பில் அநுர குமார திசாநாயக்க பெற்றது 42.31 வீதம். ஆகவே இலங்கை வரலாற்றில் முதற்தடவையாக, வாக்காளர்கள் வாக்குச்சீட்டில் குறித்திருந்த இரண்டாம், மூன்றாம் விருப்புகள் எண்ணப்பட்டன. அவர் ஒன்பதாவது நிறைவேற்று அதிகார ஜனாதிபதி. இங்கே பலர் தடுமாறுகிறார்கள். 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பின்கீழ் ஜனாதிபதியாக இருந்த வில்லியம் கோபல்லாவ நாட்டின் முதலாவது ஜனாதிபதி. 1978ஆம் ஆண்டு யாப்பின்படி நிறைவேற்று அதிகாரத்தைப் பெற்ற முதலாமவர் ஜே. ஆர். ஜயவர்தன. வினா எந்தச் சொற்களில் கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். மக்கள் வாக்களிக்காமல் பாராளுமன்றத்தினால் தெரிவுசெய்யப்பட்டவர்கள் இருவர்: 1993இல் டி. பி. விஜேதுங்க, 2022 ஜூலை 20ஆம் திகதி 134 வாக்குகளுடன் ரணில் விக்கிரமசிங்க. அதற்குரியது யாப்பின் உறுப்புரை 40. 2024 செப்டெம்பரில் பிரதமராகிய ஹரிணி அமரசூரிய, சிறிமாவோ பண்டாரநாயக்கவுக்கும் சந்திரிகா குமாரதுங்கவுக்கும் பிறகு அப்பதவிக்கு வந்த மூன்றாவது பெண் என்பதையும் இதே பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அவ்வாண்டு நவம்பர் 14ஆம் திகதிய பாராளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐப் பெற்றது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. 225 எவ்வாறு வந்தது என்று கேட்டால்தான் அமைதி நிலவுகிறது. பதிவுசெய்யப்பட்ட வாக்காளர் தொகைக்கேற்பப் பகிரப்படுபவை 160. மாகாணத்துக்கு நான்காக ஒன்பது மாகாணங்களுக்கும் 36. நாடு முழுவதும் கட்சிகள் பெற்ற வாக்குகளுக்கேற்பப் பகிரப்படும் தேசியப் பட்டியலுக்கு 29. தேசியப் பட்டியல் ஏற்பாடு 1988ஆம் ஆண்டின் பதினான்காம் திருத்தத்தினால் வந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணம், கிளிநொச்சி ஆகிய இரு நிர்வாக மாவட்டங்களையும் உள்ளடக்கிய இதற்கு 2010இல் ஒன்பது ஆசனங்கள் இருந்தன. 2015இலும் 2020இலும் ஏழு. 2024இல் ஆறு. வாக்காளர் பட்டியல் சுருங்கினால் ஆசனமும் சுருங்கும் என்ற விதியே காரணம். பட்டியல் சுருங்கியதற்கான காரணத்தை எங்கள் ஒவ்வொரு வீதியிலும் பூட்டிக்கிடக்கும் வீடுகள் சொல்லும். அந்த ஆறில் தேசிய மக்கள் சக்தி மூன்றையும், இலங்கைத் தமிழ் அரசுக் கட்சி, அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ், சுயேச்சைக் குழு 17 ஆகியவை ஒவ்வொன்றையும் பெற்றன. ஒரு பிள்ளை இந்த எண்களின் பின்னாலுள்ள விதியை விளங்கிக்கொண்டால், அடுத்த தேர்தலில் எண்கள் மாறும்போதும் அவளுக்குச் சிரமம் இருக்காது.

குடிசன மதிப்பீடும் அவ்வாறே. 2024ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின் முதற்கட்ட அறிக்கை 2025இல் வெளியானபோது நாட்டின் சனத்தொகை 21,763,170 என்று தரப்பட்டது. 2012இல் அது 20,359,439. இரு எண்களையும் பாடமாக்குவதோடு பெரும்பாலானோர் நின்றுவிடுகிறார்கள். 1871இல் தொடங்கிய கணக்கெடுப்பு வரிசையில் வடக்கின் இடம் எப்படிப்பட்டது என்பதைத் தனியே பார்க்க வேண்டும். 1981க்குப் பிறகு 1991இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001இல் பதினெட்டு மாவட்டங்களில் மட்டுமே அது முழுமையாக நடந்தது. யாழ்ப்பாணம் அவற்றுள் இல்லை. ஆகவே 1981க்கும் 2012க்கும் இடையில் எங்களைப் பற்றி முழுமையான கணக்கு ஒன்றுமில்லை. சனத்தொகை மிகக் குறைந்த மாவட்டம் முல்லைத்தீவு என்ற தரவையும், புதிய அறிக்கையில் வளர்ச்சி வீதம் மிகக் கூடியதாகக் காட்டப்பட்டதும் அதே முல்லைத்தீவு என்ற தரவையும் அருகருகே வைத்தால், 2012இல் மீள்குடியேற்றம் இன்னும் நிறைவடைந்திருக்கவில்லை என்ற வரலாறு தானாகவே துலங்கும்.

பொருளாதாரப் பகுதியில்தான் மாதாந்தப் படிப்பு உண்மையாகவே மாதாந்தமாக இருக்க வேண்டியுள்ளது. தொகைமதிப்புப் புள்ளிவிபரவியல் திணைக்களம் மாத முடிவில், பணவீக்கத்தை அளக்க உதவும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை வெளியிடுகிறது. அதன் தற்போதைய அடியாண்டு 2021. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. 2024 செப்டெம்பரிலிருந்து 2025 ஜூலை வரை அது பூச்சியத்துக்குக் கீழே இருந்து, ஓகஸ்ட்டில் மீண்டும் மேலே வந்தது. ஒவ்வொரு மாதத்து எண்ணையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவந்தால் இந்த வளைவு கண்ணுக்குத் தெரியும். தனித்தனியாகப் படித்தால் தெரியாது. அந்த வளைவை விளக்க, 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை இடைநிறுத்துவதாக அரசு அறிவித்ததும், 2023 மார்ச் 20ஆம் திகதி சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் பெறுமதியான, 48 மாதகால விரிவாக்கப்பட்ட நிதிய வசதி என்ற கடன் திட்டத்தை அங்கீகரித்ததும் தேவைப்படும். 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் 1949ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின் இடத்தில் வந்தது. அரசு கடன்பெறுவதற்காக விற்கும் பிணையங்களை முதலாந்தரச் சந்தையில், அதாவது நேரடியாக அரசிடமிருந்தே, மத்திய வங்கி வாங்கிப் பணம் அச்சிடும் வழக்கத்தை அது நிறுத்தியது. பணவீக்க இலக்கான 5 வீதத்திலிருந்து தொடர்ந்து இரு காலாண்டுகளுக்கு வரையறைக்கு மேல் விலகினால் பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும் என்றும் விதித்தது. 2024 நவம்பர் 27ஆம் திகதி மத்திய வங்கி, வங்கிகளின் குறுங்கால வட்டிக்கு வழிகாட்டும் ஓரிரவுக் கொள்கை வீதம் என்ற ஒற்றை வீதத்தை 8 வீதமாக அறிமுகப்படுத்தியது. 2025 மே மாதத்தில் அது 7.75 வீதமாகக் குறைக்கப்பட்டது. கலைப்பிரிவில் பட்டம் பெற்ற பிள்ளைகள் இப்பகுதியைக் கண்டு அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியதில்லை. வீட்டில் அரிசி விலையும் எரிவாயு விலையும் ஏறி இறங்கியதை அவர்கள் எல்லோரும் கண்டவர்களே.

சில செய்திகளைப் பரீட்சைக்காகப் படிப்பது எங்களுக்கு இலகுவாக இல்லை. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் நீதிமன்றக் கட்டளையின்படி மனிதப் புதைகுழி அகழப்பட்டதும், ஜூன் மாதத்தில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் வோல்கர் டர்க் அங்கு வந்ததும் வாசிகசாலையில் இருந்த எவருக்கும் வெறும் நடப்பு விவகாரமாக இருக்கவில்லை. தங்கள் குடும்பத்தில் ஒருவரைத் தேடிக்கொண்டிருப்பவர்களும் அங்கே இருந்தார்கள். ஆயினும் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தினால் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் அமைக்கப்பட்டது என்பதையும், 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வலிந்து காணாமலாக்கப்படுவதைக் குற்றமாக்கியது என்பதையும், அவ்வாண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இழப்பீட்டுக்கான அலுவலகம் வந்தது என்பதையும் எங்கள் பிள்ளைகள் வேறு எவரையும்விடத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நாளை பிரதேச செயலகத்தின் மேசையில் அமரப்போகிறவர்கள் அவர்கள். அந்த அலுவலகங்களுக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாமல் வரும் தாய்மாருக்கு வழிசொல்ல வேண்டியவர்களும் அவர்களே.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கி, அறுநூறுக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. இதில் பரீட்சைக்கு உரியவை பல. பெயரை முன்மொழிந்த நாடு யேமன்; வட இந்து சமுத்திரச் சூறாவளிகளுக்குப் பதின்மூன்று நாடுகள் கொடுத்த பெயர்ப் பட்டியலிலிருந்து, புதுடில்லியிலுள்ள பிராந்திய நிலையம் பெயரைச் சூட்டுகிறது. முந்திய ஆண்டு இதே மாதத்தில் வந்த சூறாவளிக்குச் சூட்டப்பட்ட பெங்கல் என்ற பெயர் சவூதி அரேபியா கொடுத்தது. அவசரகாலநிலைப் பிரகடனத்துக்கு அடிப்படை 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு அடிப்படை, 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் வந்த 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம்.

மாகாண சபைத் தேர்தல் எப்போது என்ற செய்தி ஏறத்தாழ எல்லா மாதங்களிலும் வருகிறது. வடக்கு மாகாண சபையின் முதலாவதும் ஒரேயொரு தேர்தலும் 2013 செப்டெம்பர் 21இல் நடந்தது. அதன் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் அடுத்த தேர்தல் தள்ளிப்போனது. 2017ஆம் ஆண்டு மாகாண சபைத் தேர்தல்கள் திருத்தச் சட்டத்தின்படி தயாரான, தேர்தல் தொகுதிகளின் எல்லை மீள்நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட்டில் பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டதே இந்த முட்டுக்கட்டையின் தொடக்கம் என்பதை அறிந்தவர், இனி வரும் எந்தச் செய்தியையும் சரியாக வாசிப்பார்.

உலக விவகாரங்களுக்கு இவ்வளவு நேரம் செலவிடத் தேவையில்லை என்பது என் கருத்து. இலங்கை உறுப்புரிமை கொண்ட அமைப்புகளை முதலில் எடுங்கள். தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் 1985 டிசெம்பர் 8ஆம் திகதி டாக்காவில் தொடங்கியது, செயலகம் காத்மண்டுவில், கடைசி உச்சிமாநாடு 2014இல். வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக் 1997இல் தொடங்கியது, செயலகம் டாக்காவில், ஐந்தாம் உச்சிமாநாட்டை 2022இல் கொழும்பு நடத்தியது, ஆறாவது 2025 ஏப்ரலில் பாங்கொக்கில் நடந்தது. நோபல் பரிசுகளை ஒக்டோபரில் ஒருமுறை எழுதினால் போதும்.

இவற்றையெல்லாம் எங்கிருந்து எடுப்பது என்று கேட்பார்கள். அரசாங்க வர்த்தமானி வெள்ளிக்கிழமைதோறும் தமிழிலும் வருகிறது. அமைச்சரவை முடிவுகளை அரசாங்கத் தகவல் திணைக்களம் வாராவாரம் தமிழில் வெளியிடுகிறது. மத்திய வங்கியின் ஊடக அறிக்கைகளும் பாராளுமன்றத்தில் நிறைவேறிய சட்டங்களும் தமிழில் உள்ளன. இவற்றின் மொழி முதலில் இறுக்கமாகத் தோன்றும். ஆனால் வினாத்தாளின் மொழி இதுவே என்பதால், இதில் பழகியவருக்கு மண்டபத்தில் வினா விளங்காத நிலை வராது. இணைய வசதி குறைந்த தீவகத்துப் பிள்ளைகள் நூலகத்துக்கு வரும் நாளில் பத்திரிகைகளோடு வர்த்தமானியையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த எங்கள் பொது நூலகத்தின் பத்திரிகைப் பகுதியில் இருந்து படிக்கக் கிடைப்பதை நான் சிறிய விடயமாகக் கருதுவதில்லை.

குறிப்பேட்டை அமைப்பதில் ஒரு வழக்கத்தைச் சிபாரிசு செய்கிறேன். திறந்த கொப்பியின் இடப்பக்கத்தில் அம்மாதச் செய்தியைத் திகதியோடு இரண்டு வரியில் எழுதுங்கள். வலப்பக்கத்தில் சட்டம், நிறுவனம், இடம், முன்னர் நடந்தது ஆகியவை வரட்டும். வலப்பக்கம் வெறுமையாக இருக்கும் செய்தியை மாத முடிவில் வெட்டிவிடலாம். யார் யாரைச் சந்தித்தார் என்பது போன்றவை அநேகமாக இவ்வாறு கழிந்துபோகும். வட்ஸ்அப்பில் வந்த எண்ணும் திணைக்கள அறிக்கையின் எண்ணும் முரண்பட்டால் அறிக்கையே முடிவு. குழுவில் எத்தனை பேர் சரி என்று சொன்னாலும் அதை மாற்றக் கூடாது. பரீட்சைத் திகதி அறிவிக்கப்பட்ட பிறகு புதிய செய்திகளைச் சேர்ப்பதை மட்டுப்படுத்தி, கடந்த ஓராண்டின் வலப்பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படியுங்கள். கடந்தகால வினாத்தாள் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வினாவுக்கும் உங்கள் கொப்பியின் எந்தப் பக்கம் விடை தருகிறது என்று குறித்துப் பாருங்கள். விடையில்லாத வினாக்கள் எந்தத் துறையில் கூடுதலாக இருக்கின்றனவோ அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் துறையிலிருந்தே தொடங்குவோம்.